பிச்சம்மாள் கட்டின கட்டணம்

ஆனைத்துறை விமான நிலையத்துக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு விமானம்தான். சாயங்காலம் நாலு நாற்பதுக்குக் கிளம்பி, கடலைத் தாண்டி, அரபு தேசத்துக்குப் போய்ச் சேரும். அந்த ஒரு விமானத்தில் ஏறப்போகிற நூற்றி எழுபது பேரை வழியனுப்புவதற்கு வேன் பிடித்தும் லோடு ஆட்டோ பிடித்தும், கட்டுச்சோற்றுப் பொட்டலத்தோடும் கைப்பிள்ளையோடும், ஆயிரம் பேராவது வந்து இறங்குவார்கள். வந்தவர்கள் கையசைத்துவிட்டுப் போய்விட மாட்டார்கள், கண்ணாடிச் சுவரில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பார்கள். உள்ளே போன ஆளுடைய பெட்டி பாரம் கூடிப்போச்சு என்று சொல்லிவிட்டால் முறுக்கு டின்னையும் இட்லி அரிசியையும் கருவாட்டையும் திரும்ப வாங்கிக்கொள்ள ஆள் வேண்டாமா? பெட்டி தேறியது என்று உள்ளேயிருந்து கட்டைவிரல் தூக்கிக் காட்டின பிறகுதான் ஒவ்வொரு வேனும் கிளம்பும். மற்றக் கவுண்டர்கள் பூட்டியே கிடந்ததால், அந்தக் கட்டைவிரல் எழும்புவதும் எழும்பாததும் மூன்றாம் கவுண்டர் ஜெசிந்தாவின் கையில் இருந்தது.

இருபத்து மூன்று கிலோ வரைக்கும் சும்மா, அதற்கு மேல் கிலோவுக்கு அறுநூறு ரூபாய் என்பது ஊருக்கே தெரியும். தெரியாதது எவ்வளவோ இருந்தது. புறப்பாட்டுக் கட்டணம், தள்ளுவண்டிக் கட்டணம், பெட்டிக்குப் பிளாஸ்டிக் சுற்றுகிற கட்டணம், எனக்குச் சுற்ற வேண்டாம் என்று சொன்னால் அதற்கொரு சோதனைக் கட்டணம். டிக்கெட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. போர்டு இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நிலையத்தைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனி அதன் முன்னால் இலை விரிந்த பெரிய பூந்தொட்டி ஒன்றை வைத்திருந்தது. எனவே பணத்தையெல்லாம் வீட்டில் கொடுத்துவிட்டு வெறும் பையோடு வந்து நிற்கிற மனுஷனிடம், விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கையில், அந்த விஷயத்தைச் சொல்லுகிற வேலை ஜெசிந்தாவுடையதாக இருந்தது.

பதினோரு வருஷமாக அவள் வாங்கின சாபத்துக்கு அளவில்லை. "நல்லா இருப்பியா நீ? ஒரு வீட்டுக் கஞ்சியப் பிடுங்கித் திங்கியே!" என்பார்கள். பெட்டியைத் தரையில் விரித்துப் போட்டு, மூன்று சட்டையை ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, வியர்வையோடு முறைப்பார்கள். அவள் பதில் சொல்ல மாட்டாள். விசைப்படகு ஓட்டின அவள் புருஷன் சூசைக்கு, வலை இழுக்கிற கயிற்றில் கால் மாட்டி நசுங்கினதிலிருந்து கடல் கிடையாது. வீட்டில் அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில்தான். நான் நல்லாத்தான் இருக்கணும், வேற வழி இல்ல என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு ரசீதைக் கிழிப்பாள்.

ஆவணி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, பிச்சம்மாள் ஒரு அம்மிக்கல்லோடு வந்தாள்.

பிச்சம்மாளுக்கு ஐம்பது வயது. பனங்கிழங்கு அவித்து விற்கிறவள், விமானத்தை வானத்தில் மட்டும் பார்த்தவள். அவள் மகள் அங்கே நர்ஸ்; மாப்பிள்ளை அங்கேயே டிரைவர்; இரண்டு பேருக்கும் லீவு இல்லை என்பதால் அங்கேயே ஒரு ஹாலைப் பிடித்து வெள்ளிக்கிழமை கல்யாணம். அம்மி மிதிக்க இங்கேயே ஒரு கல் பார்த்துக்கொள்கிறோம் என்று மகள் போனில் எவ்வளவோ சொல்லியும் இவள் கேட்கவில்லை. செத்துப்போன தன் புருஷன் தன் காலைப் பிடித்துத் தூக்கி வைத்த அம்மியில்தான் மகளும் கால் வைக்க வேண்டும் என்று, அதைக் கழுவி, மஞ்சள் பூசி, பழைய சேலையில் சுற்றி, இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

"யக்கா, இதென்ன?" என்றாள் ஜெசிந்தா.

"அம்மி, தாயி. மக கல்யாணத்துக்கு."

"மாதாவே! இது இருபது கிலோ வருமே. ஒங்க பெட்டியே இருபத்து ரெண்டு காட்டுது. எவ்வளவு ஆகும்னு தெரியுமா?"

"தெரியாது. சொல்லாத. சொன்னா நெஞ்சு வெடிச்சிரும். மொதல்ல வையி."

சுமை தூக்குகிற இசக்கி அம்மியைத் தூக்கித் தராசில் வைத்தான். தராசு சைபர் காட்டியது. எடுத்து மறுபடி வைத்தான், சைபர். பக்கத்தில் அவளுடைய பெட்டியைத் திறந்து பார்த்தபோது அதற்குள் மாப்பிள்ளைக்கு வேட்டியும், மகளின் கூட்டாளிகளுக்கு அதிரசமும், தாலிக்கயிறும், ஓரத்தில் இவளுடைய இரண்டு சேலையும் இருந்தன. ஜெசிந்தா ஒன்றும் புரியாமல் பெட்டியை இன்னொரு தடவை நிறுத்தபோது, முதலில் இருபத்து இரண்டு காட்டின தராசு இப்போது ஒன்றேகால் கிலோ காட்டியது. அது அந்த இரண்டு சேலையின் எடை.

"தராசுக்குத்தான் பாரம் இல்ல, எம் முதுகுக்கு இருக்கே!" என்று இசக்கி முனகிக்கொண்டே அம்மியை உள்ளே கொண்டுபோனான். பிச்சம்மாள் கண்ணாடிக்கு வெளியே நின்ற தன் ஊர்க்காரர்களைப் பார்த்து இரண்டு கட்டைவிரலையும் தூக்கினாள்.

அன்றிலிருந்து அது அப்படியே ஆகிப்போனது. அடுத்தவருக்கென்று கொண்டுபோகிற எதற்கும் மூன்றாம் கவுண்டர் தராசில் எடை கிடையாது, தனக்கென்று கொண்டுபோனால் உண்டு. இதை யாரும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. வாசனைத் திரவியம் விற்கிற செய்யது மீரானுடைய சரக்குப் பெட்டி ஒரு கிராம் குறையாமல் காட்டியதும், கூட்டாளி பிள்ளைக்கென்று அவர் கட்டி வந்த ஐந்து கிலோ அல்வா காற்றாய்ப் போனதும், மூன்று நாளில் கடற்கரை முழுக்கத் தெரிந்துபோயிற்று. "மச்சானுக்குத்தாங்க இதெல்லாம்" என்று புளுகின ஒருத்தனுக்குத் தராசு பதினாலு கிலோ காட்டியது. வரிசையே கொல்லென்று சிரித்தது, அவனும் தலையைச் சொறிந்துகொண்டு கட்டிவிட்டுப் போனான். மாதா செய்த புதுமை என்று துறைமுகத்துக்காரர்கள் சொன்னார்கள், அம்மியில் குடியிருந்த தெய்வம் இறங்கிவிட்டது என்று பிச்சம்மாள் ஊர்க்காரர்கள் சொன்னார்கள், அல்லாஹ் போட்ட பரக்கத் என்று மீரான் சொன்னார், இதில் யாரும் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. பாரம் குறைந்தால் சரி என்று இருந்தார்கள். விமானமும் வழக்கம்போல எழும்பிப் போய்க்கொண்டுதான் இருந்தது.

நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? நீ என் பெட்டியைக் கொண்டுபோ, நான் உன் பெட்டியைக் கொண்டுபோகிறேன், இரண்டும் அடுத்தவர் பெட்டி, இரண்டுக்கும் எடை இல்லை என்று இரண்டு பேர் திட்டம் போட்டு வந்தார்கள். தராசு ஒன்றுக்கு முப்பத்தொன்றும் ஒன்றுக்கு இருபத்தொன்பதும் காட்டியது. "ஏன்வே, அவரு பேராவது ஒமக்குத் தெரியுமா?" என்றான் இசக்கி. தெரியாது. வெளியே காசியின் டீக்கடைக்குப் போய் உட்கார்ந்து, பேர் கேட்டு, ஊர் கேட்டு, ஒருத்தனுக்கு அப்பா செத்தபோது ஊருக்கு வரமுடியாமல் போனதையும் ஒருத்தன் மகள் பத்தாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கினதையும் பேசி, ஒரு பாடு அழுது, ஒரு பாடு சிரித்து, ஒருத்தனுக்கு மகள் கொடுத்துவிட்ட பேனாவை இன்னொருத்தன் பத்திரமாகத் தன் பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது இரண்டு பெட்டியும் சைபர் காட்டியது. அதற்குப் பிறகு பிரயாணிகள் மூன்று மணி நேரம் முன்னதாகவே வர ஆரம்பித்தார்கள். காசியின் கடைக்கு முன்னால் இருந்த வாகைமரத்தடியில் ஒருத்தரை ஒருத்தர் தெரிந்துகொள்வதற்கென்றே பாய் விரித்தார்கள். காசி இன்னொரு பாய்லரும் கூடுதலாய் நாலு பெஞ்சும் வாங்கிப் போட்டான்.

பொட்டலம் அனுப்ப ஆள் இல்லாதவர்களுக்கென்று சாமான் கொண்டுவருகிற பழக்கமும் அப்படித்தான் வந்தது. "அங்க யாரும் இல்லாத ஒரு பிள்ளைக்குக் குடுத்திருங்க" என்று பெண்கள் நார்த்தங்காய் ஊறுகாயும் பருப்புப்பொடியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒன்பது வருஷமாக ஒரு பொட்டலம் வந்து பார்த்திராத ஒருவன், எந்த ஊர், எந்தக் கை என்று தெரியாத ஊறுகாயைச் சாப்பிட்டுவிட்டுப் போனில் பேசி அனுப்பியதைக் காசி கடையில் போட்டுக் காட்டினான். முக்கால்வாசி அழுகைதான், கடைசியில் மட்டும் "நல்லா இருங்க, நல்லா இருங்க" என்று கேட்டது. ஊறுகாய் போட்டவள் யாரென்று யாரும் விசாரிக்கவில்லை, அங்கிருந்த பெண்கள் எல்லாரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஜெசிந்தாவுக்குத்தான் கை கால் ஓடவில்லை. "தங்கச்சி, நீதான் தராசுல என்னமோ பண்ணுத, எங்களுக்குத் தெரியும், வெளிய சொல்ல மாட்டோம்" என்று கண்ணடித்துவிட்டுப் போனார்கள். "சேசு சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல" என்றால் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். கருப்பட்டியும் பலாச்சுளையும் கவுண்டருக்கு வந்தன. பதினோரு வருஷம் சாபம் வாங்கின காதில் நல்ல வார்த்தை விழ விழ அவளுக்கு முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பயமாக இருந்தது, பிறகு ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது காரணமே இல்லாமல் அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான் அழுதாள். மனுஷர்கள் தன்னைப் பார்த்துச் சிரிப்பதற்கு இவ்வளவு ஏங்கிப்போயிருக்கிறோம் என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் வசூல் படுத்துவிட்டது. தை மாதம் பிறந்ததும் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து பரசுராமன் வந்து இறங்கினார்.

நாற்பத்தைந்து வயது, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, சிரிப்பதற்கு நேரம் ஒதுக்காத முகம். ஐந்து கிலோ படிக்கல்லைத் தராசில் வைத்தார், ஐந்து காட்டியது. பத்து வைத்தார், பத்து. புதுத் தராசே ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார், அதுவும் அந்த இடத்தில் உட்கார்ந்ததும் அதே புத்தியோடு இருந்தது. இரண்டு நாள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தவர், மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு தாளை ஒட்டினார். இன்று முதல் ஆள் எடைக் கட்டணம். பிரயாணி தராசில் ஏறி நிற்க வேண்டும். கிலோவுக்கு இருபது ரூபாய்.

ஜெசிந்தாவைத் தனியாகக் கூப்பிட்டார். "பெட்டிக்கு என்ன மாயம் வேணா நடக்கட்டும்மா. மனுஷனுக்கு எடை இருந்துதானே ஆகணும்? இன்னைக்கு இதுவும் நடக்கலேன்னா தராசு பழுதுன்னு எழுதி மூணாம் கவுண்டர சீல் வெச்சிருவேன். நீங்க நாளைக்கு வர வேண்டியதில்ல. தப்பா நெனைக்காதீங்க, எனக்கு மேல இருந்து உத்தரவு."

அவளுக்குச் சூசையின் கால்தான் கண்ணில் வந்து நின்றது. நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

வரிசையில் கூச்சல் கிளம்பியது பாருங்கள், வாகைமரத்துக் காக்காய் எல்லாம் பறந்துபோயிற்று! "சோத்துக்கு வரி போட்ட மாதிரில்லா இருக்கு!" "குண்டா இருக்கவன் என்ன பாவம் பண்ணினான்?" "இத டிக்கெட் எடுக்கும்போது சொல்லக்கூடாதாவே?" முதலில் நின்றவர் மூக்கையா. பதினேழு வருஷமாக அங்கே கொத்து வேலை பார்க்கிறவர், நல்ல ஆகிருதி. தொப்பையைத் தடவிக்கொண்டே ஜெசிந்தாவைப் பார்த்தார்.

"நான் தொண்ணூத்தி நாலு கிலோ இருக்கேன் தங்கச்சி. ஆயிரத்து எண்ணூத்தி எண்பது ரூவா. பையில முந்நூறுதான் இருக்கு. பயணம் முடங்கிச்சுன்னா வேல போயிரும்."

"ஏறுங்கண்ணே. பாப்போம்" என்றாள்.

மூக்கையா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். சைபர்.

இரண்டு தங்கச்சிகளைக் கட்டிக்கொடுத்து, அண்ணன் பிள்ளைகளைப் படிக்கவைத்து, தனக்கென்று ஒரு கைக்கடிகாரம் கூட வாங்கியிராத மனுஷன் அவர் என்பது அவர் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இறங்கி நின்று அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இவ்வளவு நாளு நான் இருக்கேன்னுதான் நெனச்சேன்" என்று சிரித்தார். அடுத்தது ஆறு மாதக் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வீட்டு வேலைக்குப் போகிற ஜைத்தூன். சைபர். அடுத்தது தம்பியின் ஆபரேஷனுக்காகப் போகிற செல்லத்துரை. சைபர். ஒருத்தர் பின்னால் ஒருத்தராக ஏறினார்கள், இறங்கினார்கள், கண்ணாடிக்கு வெளியே நின்ற அம்மாக்களும் பெண்டாட்டிகளும் தம்பிகளும் அந்தச் சிவப்புச் சைபரைப் பார்த்தார்கள். ஒருத்தரும் கைதட்டவில்லை. தங்களுக்காகப் போகிறவர்கள் தங்களிடம் சொல்லாததை அந்தத் தராசு சொல்லிவிட்டது என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

பரசுராமன் பொறுமை இழந்துபோனார். "தள்ளுங்க! மிஷின் செத்துப்போச்சு. நான் ஏறிக் காட்டுறேன். எனக்குப் பெண்டாட்டி கிடையாது, பிள்ளை கிடையாது. நான் எனக்காகத்தான் வேலை பாக்குறேன்."

ஏறினார். சைபர்.

"சாருக்கு அக்கா தங்கச்சி யாராச்சும்?" என்று பணிவாகக் கேட்டான் இசக்கி.

"அக்கா இருக்கா. அத்தான் இல்ல. மூணு பிள்ளைங்க. மாசா மாசம் அனுப்புறேன். அதுக்கென்ன இப்போ?"

"அதான சார்" என்றான் இசக்கி.

பரசுராமன் முகம் ஒரு நொடி என்னவோ போலாகி, பழையபடி இறுகியது. "இதெல்லாம் கதை. நூத்தி அறுவது பேரு ஏறியாச்சு, ஒருத்தருக்கும் எடை இல்ல. என் கண் முன்னால மிஷின் பழுது. நான் எழுதித்தான் ஆகணும்" என்று பையிலிருந்து அரக்கையும் நூலையும் எடுத்தார். ஜெசிந்தா எழுந்து, மேசையில் இருந்த தன் தண்ணீர் பாட்டிலையும் மாதா படத்தையும் எடுத்துக் கைப்பையில் வைத்தாள். நாளைக்கு அரிசிக்கு எங்கே போவது என்பதைத் தவிர அவள் மனசில் ஒன்றும் ஓடவில்லை.

"இருங்க, இருங்க! நான் ஏறல இன்னும்!"

வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தது பிச்சம்மாள். கையில் ஒரே ஒரு துணிப்பை. அம்மி இல்லை, பெட்டி இல்லை. தலையில் கொஞ்சம் கூடுதலாகவே கனகாம்பரம்.

"யக்கா! என்ன மறுபடியும்? மகளுக்கு விசேஷமா?" என்றாள் ஜெசிந்தா.

"ஒரு விசேஷமும் இல்ல. மக நல்லாருக்கா. அம்மியும் அங்கதான் கெடக்கு, அவ மாப்பிள்ள அதுல தொவையல் அரைக்கானாம். ஊர்ல எல்லாரும் இதத்தான் கேட்டாவ, பேறுகாலமா, சீக்கான்னு. எதுக்குத்தான் போறன்னு கேட்டாவ." அவள் மூச்சு வாங்கினாள். "போன தடவ எனக்கு சன்னல் சீட்டு கெடைக்கல தாயி. பக்கத்துல இருந்தவன் கதவ அடைச்சிட்டு ஒறங்கிட்டான். மேகத்தப் பாக்கவே இல்ல. மேல இருந்து பாத்தா எப்பிடி இருக்கும்னு அஞ்சு மாசமா அதே நெனப்பு. கெழங்கு வித்த காசு சேத்து வச்சு, மேகம் பாக்கப் போறேன்."

சொல்லிவிட்டு, தப்பு செய்த பிள்ளை மாதிரி எல்லாரையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு பையோடு தராசில் ஏறினாள்.

அறுபத்தொன்று புள்ளி நாலு.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கினதும் கூரை கிழிகிற மாதிரி ஒரு சத்தம். மூக்கையா விசில் அடித்தார், ஜைத்தூன் ஓடிவந்து பிச்சம்மாள் கன்னத்தை வழித்து நெற்றியில் சொடுக்கினாள், கண்ணாடிக்கு வெளியே என்ன ஏதென்று தெரியாமலே ஆயிரம் பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். "மிஷினு உசுரோட இருக்கு சார்! பாருங்க, உசுரோட இருக்கு!" என்று இசக்கி கத்தினான். பரசுராமன் அந்த எண்ணைக் குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அரக்கைத் திரும்பவும் பைக்குள் போட்டார்.

"அக்காவுக்கு நாங்க கட்டுதோம்!" என்று மூக்கையா தன் முந்நூறை நீட்டினார். நாலா பக்கமிருந்தும் கைகள் நீண்டன.

"ஏ, சும்மா இருங்கப்பா!" என்று பிச்சம்மாள் எல்லாரையும் தள்ளிவிட்டாள். "அறுபத்தோரு கிலோவும் எனக்குள்ளது. நானே கட்டுதேன்." சுருக்குப்பையை அவிழ்த்து, ஆயிரத்து இருநூற்று இருபது ரூபாயை எச்சில் தொட்டு எண்ணிக் கவுண்டரில் வைத்தாள். "ரசீதுல என் பேரப் போட்டு, எடையையும் எழுதிக் குடு தாயி. இவ்வளவு இருக்கேன்னு யாரும் எனக்கு எழுதித் தந்ததில்ல."

ஜெசிந்தா பேரையும் எடையையும் பெரிய எழுத்தில் எழுதினாள். அந்த விமான நிலையத்தில் ஒரு கட்டணத்தைச் சிரித்துக்கொண்டே கட்டின முதல் ஆள் பிச்சம்மாள்தான். ஜெசிந்தா கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, ரசீதைக் கையில் கொடுத்து, அப்படியே அவளைக் கட்டிக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும்க்கா. எங்க வீட்டு அடுப்ப அணையாமக் காப்பாத்திட்டீங்க. நல்லா இருங்க" என்று தோளில் முகத்தை வைத்து அழுதாள். பதினோரு வருஷம் கேட்ட கேள்விக்கெல்லாம் அவள் அப்போதுதான் யாருக்கோ பதில் சொன்ன மாதிரி இருந்தது.

"நீ ஏறிப் பாத்திருக்கியா தாயி இதுல?" என்று கேட்டாள் பிச்சம்மாள்.

"இல்லக்கா."

"ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். சன்னல் சீட்டை அவளுக்கு விட்டுக்கொடுக்க ஒன்பது பேர் போட்டி போட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

பரசுராமன் தராசு சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆள் எடைக் கட்டணத்தால் பிரயோஜனம் இல்லை என்று இன்னொரு தாளில் எழுதி, ஒட்டினதைக் கிழித்தார். போகும்போது போர்டுக்கு முன்னால் இருந்த பூந்தொட்டியைத் தானே நகர்த்தி ஓரமாக வைத்துவிட்டுப் போனார். வாசலில் நின்று அக்காவுக்குப் போன் பேசினார், நெடுநேரம் பேசினார்.

நாலு நாற்பது விமானம் எழும்பியபோது ஜெசிந்தா வெளியே வந்து, வாகைமரத்தடியில் நின்று, அது மேகத்துக்குள் நுழைகிறவரைக்கும் அண்ணாந்து பார்த்தாள். பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். பஸ் ஸ்டாண்ட் முக்கில் இருக்கிற அல்வாக் கடையில் பதினோரு வருஷமாக அவள் வீட்டுக்கென்று கால் கிலோ வாங்குவதுண்டு. சூசைக்கு, மாமியாருக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று பிரித்தால் தீர்ந்துபோகும்.

"கால் கிலோவாக்கா?" என்றார் கடைக்காரர்.

"ஆமா. அதோட தனியா ஒரு நூறு கிராம்."

"அது யாருக்கு?"

"எனக்கு" என்றாள் ஜெசிந்தா.

அவர் இலையில் வைத்துக் கொடுத்தார். பஸ் வருகிறவரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, அவசரப்படாமல், விரலில் நெய் வழிய அதைத் தின்றாள். நூறு கிராம்தான், கையில் நல்ல கனமாக இருந்தது.